கூட்டியோ குறைத்தோ இரண்டு

ஜேசுராஜ் அண்ணன் வருவதற்கு முன்பே அவருடைய சைக்கிளின் சத்தம் வந்துவிடும். முன்சக்கரத்தின் அச்சருகே தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி மாட்டியிருந்தார். ஆரக்கம்பியில் கட்டிய சிறிய முள் ஒவ்வொரு சுற்றுக்கும் அதை ஒரு தட்டுத் தட்டும். உள்ளே எண்கள் நகரும். எவ்வளவு தூரம் ஓட்டினோம் என்று அது காட்டும். பூந்தமல்லி சாலையில் நசரத்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிலோமீட்டர் கல்லும் அவருடைய பெட்டியும் நூறு மீட்டர் ஒத்துவரவில்லை. நின்று, இறங்கி, கல்லைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, கல்தான் நகர்ந்திருக்கிறது என்று முடிவு கட்டினார். பெட்டியையும் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று சொன்னேன். திருமழிசை வரும்வரை என்னோடு பேசவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்புக்கு வேண்டிய பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் அவருக்கு இன்ஸ்பெக்ஷன் வேலை. லேத்தில் கடைந்து வரும் ஒவ்வொரு பாகத்தையும் மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் தட்டில் வைப்பார். மயிரிழை பிசகியிருந்தாலும் சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு இழுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார். கடைந்தவன் வந்து கெஞ்சினாலும் சரி, திட்டினாலும் சரி, கோடு கோடுதான். அதே கம்பெனியில் நான் டைம் ஆபீஸ் கிளார்க். பி.காம். முடித்துவிட்டு நூம்பலிலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

எண்பத்து மூன்றில் ஒருநாள் என் ஜன்னலுக்கு வந்து, கார்டு அடிக்கிற கடிகாரம் நாற்பது விநாடி பின்தங்கி ஓடுகிறது என்று புகார் சொன்னார். நாற்பது விநாடியில் யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்று கேட்டேன்.

"இன்னிக்கு நாப்பது செகண்டு நைனா. அப்பிடியே உட்டா பத்து வருசத்துல எங்க போய் நிக்கும்?"

அதோடு பேச்சை மாற்றி, என் ஊர் எது என்று கேட்டார். நூம்பல் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. நூம்பலைச் சுற்றி, ஒரு காலைப் பொழுதில் சைக்கிளில் போய்வரும் தூரத்தில், பார்க்க வேண்டிய பழைய இடங்கள் எத்தனை என்று தெரியுமா என்றார். எனக்குத் தெரிந்தது எந்தக் கோயிலில் என்றைக்குப் பொங்கல் நன்றாக இருக்கும் என்பதுதான். அதைச் சொன்னேன். வேறு யாராவது தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். அவர் சந்தோஷப்பட்டார். அதற்குக் காரணம் எனக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் புரிந்தது.

மாதத்தில் இரண்டு ஞாயிறு என்று ஏற்பாடு. அவர் அம்பத்தூர் ஒரகடத்தில் குடியிருந்தார். சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் கிளம்பி, அயப்பாக்கம், திருவேற்காடு வழியாக வேலப்பன்சாவடிக்கு வருவார். நான் அங்கே டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். டிக் டிக் என்று சத்தம் கேட்டதும் எழுந்திருக்க வேண்டும். டீ பாதியில் இருந்தாலும் எழுந்திருக்க வேண்டும். அவர் சைக்கிளின் பின்னால் ஒரு காக்கிப் பை. அதில் பஞ்சர் ஒட்டும் சாமான்கள், ஆவடிச் சந்தையில் வாங்கிய ராணுவத் தண்ணீர்க் குடுவை, நான்கு வேகவைத்த முட்டை, ஐம்பதடி டேப், நீல அட்டை போட்ட ஒரு நோட்டு. முட்டை ஆளுக்கு இரண்டு. கோயிலுக்குள் போவதற்கு முன் எனக்குக் கொடுக்க மாட்டார். எங்கள் சாமி விஷயத்தில் என்னைவிட அவர் கண்டிப்பு.

அந்த நாட்களில் பூந்தமல்லியைத் தாண்டினால் வேறு உலகம். சாலையின் இரண்டு பக்கமும் நெல், நெல் இல்லாத இடத்தில் மல்லித் தோட்டம், அதுவும் இல்லாத இடத்தில் பனை. லாரி ஒன்று போனால் அடுத்த லாரி வருவதற்குள் ஒரு கதை சொல்லி முடித்துவிடலாம். அவர் முடிக்க மாட்டார், அது வேறு விஷயம். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஏறினால் தண்ணீர்க் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கும். அங்கே நின்று முட்டை உரித்தபடி, கரை எத்தனை மைல், எத்தனை மதகு என்று சொல்லிக்கொண்டிருப்பார். நான் முட்டையைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

மணிமங்கலத்துக்கு ஒருமுறை போனோம். பல்லவனும் சாளுக்கியனும் மோதிய ஊர் என்று மூன்று வாரமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததில், நான் அங்கே ஏதோ உடைந்த தேராவது கிடக்கும் என்று நம்பியிருந்தேன். நாற்று நட்டு நான்கு நாள் ஆன வயல் ஒன்றைக் காட்டி, யானைப்படை இங்கேதான் நின்றிருக்க வேண்டும் என்றார். டேப்பை எடுத்து வரப்பை அளந்தார். ஒரு யானைக்கு இத்தனை அடி, பாகன் திரும்ப இத்தனை அடி என்று போட்டு, ஏக்கருக்கு எத்தனை யானை என்று நோட்டில் கணக்குப் பண்ணினார். வயல்காரர் வந்து, ரோடு போடப் போகிறார்களா என்று பயந்துபோய்க் கேட்டார். இல்லை, யானை நிறுத்த என்று நான் சொன்னேன். அவர் இன்னும் பயந்துவிட்டார்.

கோயில் என்று வந்தால் வழக்கமே தனி. அண்ணன் உள்ளே வர மாட்டார். வாசலில் சைக்கிள்களுக்குக் காவல் நிற்பார். கோபுரம், குளம், மதில், மதிலை ஒட்டிச் சாய்ந்து கிடக்கும் உடைந்த கற்கள் எல்லாம் அவருடையவை. அளப்பார், வரைவார், படியில் உட்கார்ந்திருப்பவர்களிடம் விசாரிப்பார். வாசலுக்கு அந்தப் பக்கம் என்னுடையது. நான் உள்ளே போகும்போது கையில் ஒரு துண்டுக் காகிதம் தருவார். தூண் எத்தனை, தூணில் சிற்பம் உண்டா, விமானம் வட்டமா சதுரமா, எத்தனை சன்னதி என்று கேள்விகள் இருக்கும். நான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சாமி கும்பிட்டு, பிரகாரம் சுற்றி, தொன்னையில் பொங்கல் வாங்கிக்கொண்டு, அதன் சூடு ஆறுவதற்குள் வெளியே வந்துவிடுவேன்.

"தூணு எத்தினி நைனா?"

அப்போதுதான் காகிதம் ஞாபகம் வரும். திரும்ப உள்ளே போவதென்றால் செருப்பைக் கழற்ற வேண்டும், காலைக் கழுவ வேண்டும். நான் யோசிப்பதுபோல் கொஞ்சம் வானத்தைப் பார்த்துவிட்டு ஒரு எண்ணைச் சொல்லிவிடுவேன். இரட்டைப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற அறிவு மட்டும் எனக்கு இருந்தது. அவர் நோட்டில் எழுதுவார். தேதி, இடம், விவரம், எண்ணிக்கை என்று கட்டம் போட்டிருப்பார். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'சொன்னவர்'. அதில் ஒவ்வொரு வரியிலும் பரந்தாமன், பரந்தாமன் என்று என் பெயர்.

ஏன் உள்ளே வருவதில்லை என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பே செலினுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், ஊட்டுக்காரிகிட்ட சொன்னா சொன்னதுதான் என்றார். அதற்குமேல் நான் தோண்டவில்லை. செலின் அக்கா ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அதிகம் பேச மாட்டார். பேசாதவர்களைப் பற்றி நாம் எதை வேண்டுமானாலும் நம்பிக்கொள்ளலாம்.

என் கண் முழுக்கக் குருடு என்று சொல்லிவிட முடியாது. திருமுல்லைவாயலில், எருக்கஞ்செடித் தண்டு என்று சொல்லும் எருக்கந்தூண் இரண்டையும் நான் உண்மையாகவே பார்த்தேன். சன்னதிக்கு முன்னால் இரண்டு பக்கமும் நிற்கின்றன. பார்க்காமல் வர முடியாது. வெளியே வந்ததும் அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். எருக்கஞ்செடி அவ்வளவு பருமனாக வளருமா, தண்டு எப்படி இருந்தது, கணு தெரிந்ததா என்று குடைந்தார். நான் நன்றாக யோசித்து, தூண் மாதிரி இருந்தது என்றேன். அன்று அம்பத்தூர்வரை எனக்கு முன்னால் முப்பது கஜம் தள்ளியே ஓட்டினார்.

இப்படி எட்டு வருடம் போயிற்று. தொண்ணூற்றொன்றில் கம்பெனிக்கு வெள்ளி விழா வந்தது. பர்சனல் ஆபீசர் பார்த்தசாரதி சார் மலர் ஒன்று போடுவதென்று முடிவு செய்து, தொழிலாளர்களிடம் கட்டுரை கேட்டார். கவிதையாக முப்பத்தாறு வந்ததாம். கட்டுரை ஒன்றே ஒன்று. 'சைக்கிளில் சென்று காணத்தக்க பழம்பெரும் இடங்கள் பதினைந்து', எழுதியவர் எஸ். ஜேசுராஜ், இன்ஸ்பெக்ஷன். பார்த்தசாரதி சார் மகிழ்ந்துபோய் அதை மலரின் நடுப்பக்கத்தில் போடச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதியவரே முன்னால் போக, விருப்பமுள்ளவர்கள் எல்லோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பயணம் போவதென்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார். பதினைந்தையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. அதனால் போகிற இடம் ஒன்று: குத்தம்பாக்கத்தைத் தாண்டி, ஏரிக்கரை ஓரமாக, யாரும் அதிகம் போகாத ஒரு சின்ன சிவன் கோயில்.

நோட்டீஸில் முதல் பெயராகக் கையெழுத்துப் போட்டவர் அய்யாசாமி.

அய்யாசாமி லேத் டர்னர். நல்ல வேலைக்காரர், கொஞ்சம் அவசரக்காரர். பத்து வருடமாக அண்ணனின் சிவப்புக் கோட்டை அதிகம் வாங்கியவர் அவர்தான். கேன்டீனில் எல்லோருக்கும் கேட்கும்படி, நானும் சாக்பீஸ் எடுத்துகினு வரேன், கட்டுரைல போட்டது ஒண்ணொண்ணையும் எண்ணிப் பாக்கப்போறேன், ஒண்ணு தப்பா இருந்தாலும் அன்னிக்கு ரிஜெக்ட் நான் போடுவேன் என்று சொன்னாராம். அண்ணன் அதைக் கேட்டுச் சிரித்தார். எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

கட்டுரையின் அச்சுப்படியை அண்ணன் என்னிடம் காட்டினார். அந்தச் சிவன் கோயிலைப் பற்றிய பத்தியின் கடைசி வரி இது: 'முன்மண்டபத்துத் தூண்கள் பதினெட்டு, கூட்டியோ குறைத்தோ இரண்டு.'

"அண்ணாத்தே, இது இன்னா கூட்டியோ குறைத்தோ?" என்றேன்.

அவர் நோட்டைத் திறந்து பெருமையோடு காட்டினார். அந்தக் கோயிலுக்கு மூன்று முறை போயிருக்கிறோம். எண்பத்து நான்கில் நான் பதினாறு என்றிருக்கிறேன். எண்பத்தாறில் இருபது. எண்பத்தொன்பதில் பதினெட்டு. ஒவ்வொரு முறையும் அவர் மறக்காமல் மறுபடி கேட்டிருக்கிறார். எந்த அளவாக இருந்தாலும் மூன்று ரீடிங் எடுத்து, கூட்டி, மூன்றால் வகுக்க வேண்டும் என்பது அவருடைய தொழில். பதினெட்டு வந்தது. அதிலிருந்து கூடுதலும் குறைவும் எவ்வளவு என்பதையும் பக்கத்தில் போட்டுவிட்டார்.

"கண்ணுன்னு இருந்தா முன்னபின்ன தப்பத்தான் செய்யும் நைனா. அதுக்குத்தான் மூணு ரீடிங்கு."

என் கண்மேல் அவ்வளவு நம்பிக்கை. நான் மூன்று முறை மூன்று பொய் சொல்லியிருக்கிறேன். அவர் மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்து மலரின் நடுப்பக்கத்தில் போட்டிருக்கிறார்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுத் தனியாகச் சைக்கிளை மிதித்தேன். உள்ளே போய் ஒழுங்காக எண்ணி, தப்பென்றால் அச்சாவதற்குள் திருத்தி, அண்ணனுக்குத் தெரியாமலே காரியத்தை முடித்துவிடலாம் என்று திட்டம். போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தது. கம்பிக் கதவு வழியாக எண்ணினேன். பதினொன்று வந்தது. கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து எண்ணினேன், பதின்மூன்று. சுவரிலிருந்து பாதி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைத் தூணில் சேர்ப்பதா, சுவரில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. எதிர்வீட்டிலிருந்து நாகவல்லி என்ற அம்மாள் வந்தார். கோயிலைப் பெருக்கிக் கோலம் போடுகிறவர். என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, பொங்கல் சாயங்காலம்தான் என்றார். பொங்கலுக்கு வரவில்லை, தூண் எண்ண வந்தேன் என்றேன்.

"எத்தினி வாட்டி உள்ள போயிட்டு வந்தே. அப்பல்லாம் எண்ணாம, இப்ப கதவு சாத்தினப்புறம் எண்றியா? அது சரி, உன்கூட வெளியிலயே நின்னுகினு செவுத்த அளப்பாரே ஒரு மனுசன், அவர இட்டாந்தா ஒரே வாட்டில எண்ணிட்டுப் போவாரு."

அந்த அம்மாள் தன் வீட்டுக்குள் போய்விட்டார். நான் சைக்கிளைத் திருப்பினேன். சாவி எங்கே என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரகடத்துக்குப் போனேன். அண்ணன் வீட்டு வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். செலின் அக்கா உள்ளே மிஷினில் ஏதோ தைத்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அந்தக் கோயிலில் நான் எண்ணவே இல்லை. எங்கேயுமே எண்ணவில்லை. எருக்கந்தூண் இரண்டு மட்டும் நிஜம்.

அண்ணன் பெடலைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பெட்டியில் எண்கள் ஓடின. சக்கரம் தானாக நின்றபிறகுதான் தலையைத் தூக்கினார். கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் நான் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன்.

"எட்டு வருசமா?" என்றார்.

"ஆமாண்ணா."

"நான் உள்ள போவலியேன்னு எவ்ளோ ஆசையா உன்னக் கேட்டுக் கேட்டு எழுதினேன் நைனா."

உள்ளே மிஷின் நின்றது. செலின் அக்கா வாசலுக்கு வந்தார். ஊசி குத்தியிருந்த சட்டைத் துணியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, நீங்க ஏன் உள்ள போவல என்று அவரைக் கேட்டார். அவர் விழித்தார். உனக்கு வாக்குக் குடுத்தேனே என்றார்.

"இன்னா வாக்கு? துன்னூறு இட்டுகினு ஊட்டுக்கு வராதீங்க, எங்கம்மா பாத்தா பேசுவாங்கன்னு சொன்னேன். உள்ள போவாதீங்கன்னு எப்ப சொன்னேன்?"

அண்ணன் என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், பிறகு எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னார்: "அது ஒரு சேஃப்டிக்கு."

எல்லைக்கோட்டைத் தொடாமல், அதற்கு இரண்டு நூல் உள்ளேயே நின்றுகொள்வது இன்ஸ்பெக்ஷன்காரரின் புத்தி. நெற்றியில் எதுவும் இருக்கக் கூடாது என்றால், நெற்றியை அந்தப் பக்கமே கொண்டு போகாமல் இருந்துவிட்டார். செலின் அக்கா சிரிக்கவில்லை. உங்க மாமியார் செத்து ஆறு வருசம் ஆச்சு என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

நாளைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம் என்று யோசனை சொன்னேன். அவர் சைக்கிளை நிமிர்த்தி வைத்தார். காலைல டீயக் குடிச்சு முடிச்சிட்டு நில்லு என்றார்.

பிப்ரவரி பதினேழாம் தேதி. வேலப்பன்சாவடியிலிருந்து இருபத்திரண்டு சைக்கிள்கள் கிளம்பின. பார்த்தசாரதி சார் தலையில் வெள்ளைத் தொப்பி போட்டிருந்தார். பூந்தமல்லி தாண்டும்வரை ஒருவரை ஒருவர் முந்தினார்கள். திருமழிசையில் இரண்டு பஞ்சர். குத்தம்பாக்கத்துக் கிளைச்சாலையில் நுழைந்தபோது எல்லோரும் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சாலை அப்படி. இரண்டு பக்கமும் கதிர் முற்றிய நெல், நடுவில் புழுதி, முன்னால் ஒரே ஒரு மாட்டு வண்டி. அண்ணனின் டிக் டிக் தவிர வேறு சத்தம் இல்லை.

கோயில் வாசலில் சைக்கிள்களைச் சாய்த்ததும் அய்யாசாமி சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். சிவப்பு சாக்பீஸ். அதற்காகவே தேடி வாங்கியிருக்கிறார்.

"சார், தூணு பதினெட்டு, கூட்டியோ குறைத்தோ ரெண்டு. எண்ணலாமா?" என்று சத்தமாகக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எங்க வேலைக்கு ஒரு நூல் கூட உடமாட்டாரு, சாமி தூணுக்கு மட்டும் ரெண்டு தூணு உடுறாரு என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

அண்ணன் வாசற்படிக்கு முன்னால் நின்று, காக்கிப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். "எண்ண வேணாம் அய்யாசாமி. அந்த நம்பர் தப்பு. நான் ஒருநாளும் இந்தப் படியத் தாண்டினது இல்ல. பாக்காமயே எழுதிட்டேன்" என்றார்.

அய்யாசாமி இதை எதிர்பார்க்கவில்லை. பத்து வருடம் காத்திருந்த சண்டை, வாய் திறப்பதற்குள் முடிந்துபோய்விட்டது. பின்ன எண்ணது யாரு என்று கேட்டார். நான் கூட்டத்தின் கடைசியில், பார்த்தசாரதி சாரின் தொப்பிக்குப் பின்னால் நின்றிருந்தேன். வாயைத் திறக்கத்தான் நினைத்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எவன் எண்ணா இன்னா? செக் பண்ணாம பாஸ் பண்ணது நானு. ரிஜெக்ட் எனக்குத்தான்."

நோட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து அய்யாசாமியிடம் நீட்டினார். அய்யாசாமி ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு சாக்பீஸால் பதினெட்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கோணலாகத்தான் வந்தது. யாரும் கைதட்டவில்லை. வாங்க சார் உள்ள போலாம் என்று அவரே அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வாசலின் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். நோட்டிலேயே இருக்கிறது, அண்ணனே டேப் வைத்து மூன்று முறை அளந்தது. ஆனாலும் உள்ளே போகும்போது தலையை இடித்துக்கொண்டார். பெருக்கிக்கொண்டிருந்த நாகவல்லி அம்மாள் துடைப்பத்தோடு திரும்பிப் பார்த்து, வந்துட்டாரா, எண்ணட்டும் என்று சொல்லி ஒதுங்கி நின்றார்.

அவர் எண்ணவில்லை. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தெரியும். முதல் தூணில் உள்ளங்கையை வைத்தார். இரண்டாவதில் வைத்தார். மூன்றாவதற்குப் போகும்போது, இடித்த இடத்தைத் தடவிக்கொண்டே தலையை நிமிர்த்தினார். அப்படியே நின்றுவிட்டார். அய்யாசாமி பக்கத்தில் வந்து, நான் பன்னெண்டு எண்ணேன், செவுத்தோட ஒட்னத சேக்கணுமா உடணுமா சார் என்று கேட்டார். அண்ணன் காதில் விழவில்லை. அய்யாசாமி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மிச்சச் சாக்பீஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

"நைனா, இங்க வா" என்று என்னைக் கூப்பிட்டார். "மேல மீனு கீது."

நான் நிமிர்ந்து பார்த்தேன். கூரைக் கல்லில் இரண்டு மீன்கள், ஒன்றின் தலைப் பக்கம் மற்றதின் வால். செதில் செதிலாகச் செதுக்கியிருந்தார்கள். வாசல் வெளிச்சம் தரையில் பட்டு மேலே எழும்பியதில் அவை அசைவதுபோல் இருந்தன. மூன்று முறையும் அவற்றுக்கு நேர் கீழேயே நின்று தொன்னையை வாங்கியிருக்கிறேன்.

"நீ சொல்லவே இல்லியே" என்றார். அதில் குறையே இல்லை. சின்னப் பிள்ளை கேட்பதுபோல் இருந்தது.

கேள்வித்தாளில் மீன் இல்லையே அண்ணாத்தே என்றேன். அப்போதுதான் அவர் சிரித்தார்.

மலர் வந்தது. பார்த்தசாரதி சார் அச்சகத்துக்கே நேரில் போய் அந்த வரியை மாற்றிவிட்டு வந்தார். 'முன்மண்டபத்துத் தூண்களை உள்ளே சென்று எண்ணிக்கொள்ளவும்' என்று இருந்தது. மீதிப் பதினான்கு இடத்துக்கும் அதே வரிதான். கம்பெனியில் கொஞ்ச நாள் யார் எதைக் கேட்டாலும், உள்ளே சென்று எண்ணிக்கொள்ளவும் என்று பதில் சொன்னார்கள். சம்பளக் கவரைக் கொடுக்கும்போது நானே சொல்லியிருக்கிறேன். அய்யாசாமியின் வேலைக்குச் சிவப்புக் கோடு குறையவில்லை. ஆனால் கோடு போட்ட பாகத்தை அண்ணனே எடுத்துக்கொண்டு லேத்துக்கு வந்து, எங்கே பிசகியது என்று காட்டிவிட்டுப் போவார்.

அதற்குப் பிறகு எங்கள் ஏற்பாடு தலைகீழாகிவிட்டது. அவர் உள்ளே போவார், நான் சைக்கிள்களுக்குக் காவல். பிற மதத்தவர் இதற்குமேல் வரக் கூடாது என்று பலகை வைத்திருந்த கோயில்களில் கொடிமரத்தோடு நின்றுகொண்டு, அங்கிருந்து தெரிகிறவரை எட்டிப் பார்ப்பார். பலகை இல்லாத இடத்தில் நுழைந்துவிட்டால் ஒன்றரை மணி நேரம் ஆகும். மேலேயே பார்த்துக்கொண்டு நடந்து யார் மேலாவது மோதுவார். பதினைந்து இடத்தையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தோம். வெளியே வந்து எனக்கு ஒவ்வொன்றையும் விளக்குவார். நான் வெயிலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஏழு வருடத்தில் ஒருநாளாவது தொன்னையில் பொங்கல் வாங்கி வந்ததுண்டா என்றால் இல்லை. மறந்துட்டேன் நைனா என்பார். பொங்கல் மட்டும் எப்படி மறக்கும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. முட்டை மட்டும் கணக்காக ஆளுக்கு இரண்டு.

போன செப்டம்பரில் வேலையில் இருக்கும்போதே நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். மானிட்டரில் எண்கள் ஓடுவதைப் பார்த்து, அது சரியாகக் காட்டுகிறதா என்று நர்ஸைக் கேட்டதாகச் செலின் அக்கா சொன்னார். நான்காம் நாள் இல்லை. அடக்கத்துக்கு அய்யாசாமி வந்து கல்லறைக்குழியின் ஓரத்தில் கடைசிவரை நின்றார். வேலப்பன்சாவடி டீக்கடையில் இப்போதெல்லாம் நான் டீயை முழுதாகக் குடித்துவிடுகிறேன். அது ஒரு லாபமாகத் தெரியவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் கிளம்பியபிறகு, செலின் அக்கா நீல நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். இதுல உங்க பேருதான் நிறைய இருக்குது, நீங்களே வெச்சிக்கங்க என்றார். அண்ணன் உயிரோடு இருந்தவரை அந்த நோட்டை என் கையில் தந்ததில்லை. தூரத்திலிருந்து திறந்து காட்டுவார், அவ்வளவுதான்.

குத்தம்பாக்கத்துப் பக்கத்தைத் தேடினேன். தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சிவப்பு சாக்பீஸ் தூள் எதிர்ப்பக்கத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தது. பதினாறு, இருபது, பதினெட்டு மூன்றும் அங்கே இருக்கின்றன; மூன்றுக்கும் எதிரே பரந்தாமன். பதினெட்டின் மேல் அய்யாசாமியின் கோணல் கோடு. அதன் கீழே, நான் இதுவரை பார்த்திராத ஒரு வரி. தேதி 17-2-91. 'சொன்னவர்' கட்டத்தில் 'நானே' என்று இருந்தது. எண்ணிக்கைக் கட்டத்தில் எண் இல்லை. அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அடங்காமல், பக்கத்துக் கட்டத்துக்கும் வழிந்து, அவருடைய பொடி எழுத்தில் எழுதியிருந்தார்:

'எண்ணவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.'

அந்தத் தூண்களை நானும் இன்னும் எண்ணவில்லை.